மணிக்கூட்டை எங்கே வைப்பது? சேர்வருக்குள் லுவா கொண்டு நேரம் அளத்தல்

சிறுபோகம் தொடங்கும் நேரம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ஐயா அழைத்தார். "பிள்ளை, உங்கட பக்கம் திறக்குதில்லை. சுத்திக்கொண்டே நிக்குது. குளக்கட்டில ஏறி நிண்டும் பாத்திட்டன்" என்றார்.

நாங்கள் நடத்துவது ஒரு சிறிய இணையத்தளம். கமக்கார அமைப்புகளின் அங்கத்தவர்கள் தங்கள் இலக்கத்தைக் கொடுத்து உள்ளே வரலாம். தங்கள் வாய்க்காலுக்கு எந்தத் திகதியில் துருசு திறக்கிறார்கள், எத்தனை நாள் தண்ணீர், நெல் என்ன விலை போகிறது என்று அதில் பார்க்கலாம். கிளிநொச்சியில் இருந்து நான் திறந்தால் உடனே வந்தது. சேர்வரின் லொக்கை, அதாவது வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாகக் குறித்து வைக்கும் கோப்பை, திறந்து பார்த்தேன். ஐயாவின் கோரிக்கை அங்கே இருந்தது. பக்கத்தில் 200 என்று இருந்தது. அதாவது பதில் சரியாகப் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு நேரத்தில் போனது என்பது மட்டும் அந்த வரியில் இல்லை.

"உங்கட பக்கம் சிக்னல் குறைவு போல, ஐயா" என்று சொல்லிவிட்டேன். அது பிழை. பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக ஒரு சேர்வரைப் பொறுப்பெடுத்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். லுவா முன்பின் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

துருசு, கிளை வாய்க்கால், வயல்

இரணைமடுக் குளத்தில் காலை 6 மணிக்குத் துருசு திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில் நிற்பவர், தண்ணீர் 9 மணிக்கு வந்தது என்கிறார். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர், பின்னேரம் 4 மணிக்குத்தான் வந்தது என்கிறார். மூன்று பேருடைய மணிக்கூடும் சரி. மூன்று பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். "தண்ணீர் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டால், எங்கிருந்து எங்கே என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இணையக் கோரிக்கையும் அப்படித்தான். போனில் விரல் பட்டதும் முதலில் தளத்தின் பெயருக்குரிய முகவரியைத் தேட வேண்டும். அடுத்தது சேர்வரோடு இணைப்பு, அந்த இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் கைகுலுக்கல். அதன் பிறகுதான் "இந்தப் பக்கத்தைத் தா" என்ற கோரிக்கை புறப்படுகிறது. சேர்வரில் வாசலில் நிற்பது என்ஜின்எக்ஸ் (nginx) என்ற மென்பொருள். அது கோரிக்கையை வாங்கி, வந்தவர் யார் என்று பார்த்து, பின்னால் இருக்கும் செயலியிடம் கொடுக்கிறது. செயலி தரவுத்தளத்தைக் கேட்கிறது. பதில் வந்த வழியே திரும்பிப் போகிறது. ஐயாவின் கையில் இருக்கும் மணிக்கூடு இதெல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. செயலிக்குள் இருக்கும் மணிக்கூடு ஒரு துண்டை மட்டும் அளக்கிறது.

ஆகவே "சேர்வர் வேகமாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த மணிக்கூட்டில் என்று கேளுங்கள்.

கையோடு வரும் மணிக்கூடுகள்

என்ஜின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது. ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் எழுதினார். நேரம் அளக்க அதிலேயே சில மாறிகள், அதாவது பெயர் வைத்த பெறுமதிகள், உண்டு. லுவாவைத் தொடுவதற்கு முன் இவற்றை லொக்கில் சேர்த்துவிடுங்கள். லொக்கின் வடிவத்தைச் சொல்லும் வரியில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. புதிதாக நிறுவிய சேர்வரில் இவை லொக்கில் எழுதப்படுவதில்லை. அதனால்தான் எனக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை.

முதலாவது ரிக்வெஸ்ட்_டைம். வாடிக்கையாளரிடமிருந்து முதல் பைட்டுகளை வாசித்ததில் தொடங்கி, கடைசிப் பைட்டுகளை அனுப்பி லொக் எழுதும் வரை உள்ள நேரம். செக்கன் கணக்கில், மில்லிசெக்கன் நுணுக்கத்தோடு வரும்.

மற்றவை அப்ஸ்ட்ரீம் என்று தொடங்குகிற மூன்று. என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருக்கும் செயலியைத்தான் அப்ஸ்ட்ரீம் என்கிறோம். அதோடு இணைய எடுத்த நேரம், அதனிடமிருந்து பதிலின் தலைப்பு (உடலுக்கு முன்னால் வரும் விபரக் குறிப்புகள்) வர எடுத்த நேரம், பதில் முழுவதும் வர எடுத்த நேரம் என்று அவை தனித்தனியே சொல்லும். ஒரு செயலி பதில் தராமல் என்ஜின்எக்ஸ் இன்னொன்றிடம் போனால், இந்த மாறிகளில் ஒரு எண் இருக்கிற இடத்தில் காற்புள்ளி போட்டு இரண்டு எண்கள் வரும். லொக்கை ஒரு சிறிய நிரலால் வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்குப் பிழைக்கும்.

இவற்றைச் சேர்த்துவிட்டு ஐயாவிடம் இன்னொருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன். ரிக்வெஸ்ட்_டைம் 7.412. அப்ஸ்ட்ரீம் முழுப்பதில் நேரம் 0.061. மொத்தம் ஏழு செக்கனுக்கு மேல் ஆகியிருக்கிறது, செயலி அதில் 61 மில்லிசெக்கன்தான் எடுத்திருக்கிறது.

இப்படி ஒரு வரியைக் கண்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "செயலி வேகம், வாடிக்கையாளரின் இணைப்புத்தான் மெதுவு." நானும் அதையே நினைத்தேன். என் சிக்னல் கதை சரிதான் என்று கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது. பல வேளைகளில் அந்த விளக்கம் சரியாகவும் இருக்கும். பெரிய படம் ஒன்றை மெதுவான போன் இறக்கினால் ரிக்வெஸ்ட்_டைம் நீளும். வயலில் பூச்சி அரித்த பயிரைப் படம் எடுத்து மெதுவான இணைப்பில் ஏற்றினாலும் நீளும். என்ஜின்எக்ஸ் வழக்கமாக முழுப் படத்தையும் வாங்கிய பிறகுதான் செயலியிடம் கொடுக்கும். அந்தக் காத்திருப்பு மொத்த நேரத்தில் விழும், அப்ஸ்ட்ரீம் நேரத்தில் விழாது.

ஆனால் ஐயா திறந்த பக்கம் வெறும் 6 கிலோபைட். இங்கேதான் ஒரு விஷயம் இடித்தது. "அனுப்பியாயிற்று" என்று என்ஜின்எக்ஸ் சொல்லும்போது, பைட்டுகள் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தமில்லை. இயங்குதளத்தின் அனுப்புத் தொட்டியில் போட்டாயிற்று என்றுதான் அர்த்தம். கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டதோடு நம் வேலை முடிகிற மாதிரி. 6 கிலோபைட் அந்தத் தொட்டிக்குள் ஒரேயடியாக அடங்கிவிடும். அப்படியானால் ஐயாவின் சிக்னல் எவ்வளவு மோசமாக இருந்தாலும், இந்தச் சின்னப் பக்கத்துக்கு அது ரிக்வெஸ்ட்_டைமில் தெரியவே கூடாது. தெரிந்தது. அப்போ அந்த ஏழு செக்கன் எங்களுடைய வீட்டுக்குள்தான் எங்கேயோ போயிருக்கிறது. செயலிக்கு முன்னால், வாசலுக்கும் செயலிக்கும் நடுவில்.

அந்த நடுவுக்கு என்ஜின்எக்ஸிடம் ஆயத்த மணிக்கூடு இல்லை. நாமே வைக்க வேண்டும்.

லுவா எதற்கு

லுவா ஒரு சிறிய நிரல்மொழி. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. போர்த்துக்கேய மொழியில் லுவா என்றால் நிலா. இன்னொரு மென்பொருளின் வயிற்றுக்குள் வைத்து ஓட்டுவதற்கென்றே செய்த மொழி இது. விளையாட்டுகளுக்குள் இருக்கிறது, படத்தொகுப்பு மென்பொருள்களுக்குள் இருக்கிறது. என்ஜின்எக்ஸுக்குள்ளும் வைக்கலாம். அதற்கான வேலையை எல்லாம் செய்து ஒரே பொதியாகக் கட்டித் தருவது ஓபன்ரெஸ்டி. அதற்குள் என்ஜின்எக்ஸ், லுவாவை மிக வேகமாக ஓட்டும் லுவாஜிட், தேவையான நூலகங்கள் எல்லாம் சேர்ந்து வரும்.

என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையைப் பல கட்டங்களாகக் கையாள்கிறது. முகவரியை மாற்றி எழுதும் கட்டம், அனுமதி பார்க்கும் கட்டம், பதிலை உண்டாக்கும் அல்லது செயலியிடம் வாங்கும் கட்டம், பதிலின் தலைப்பையும் உடலையும் வடிகட்டும் கட்டங்கள், கடைசியில் லொக் எழுதும் கட்டம். ஓபன்ரெஸ்டியில் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் நம்முடைய லுவா வரிகளைச் செருகலாம். கட்டத்தின் பெயரோடு "பை_லுவா_பிளொக்" என்று முடியும் கட்டளைகள் அவை. நமக்கு வேண்டியது இரண்டுதான்: அக்செஸ் என்ற அனுமதிக் கட்டம், லொக் கட்டம்.

எங்கள் தளத்தில் அனுமதிக் கட்டத்தில் ஏற்கனவே லுவா ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் அங்கத்தவரா என்று தரவுத்தளத்தில் பார்க்கும் வேலை அது. எங்களோடு வேலை செய்யும் தம்பி எழுதியது, நன்றாகவே எழுதியிருந்தான். அதைச் சந்தேகிக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அனுமதி வேலை தொடங்கும் வரிக்கு முன்னால் நேரத்தைக் குறி. முடிந்ததும் இன்னொருமுறை குறி. லொக் கட்டத்தில் இரண்டையும் கழித்து, வித்தியாசத்தை லொக் வரியில் சேர். நேரத்தைத் தருவது என்ஜிஎக்ஸ்.நவ் (ngx.now) என்ற செயற்கூறு. 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடி வரை ஆன செக்கன்களைப் புள்ளிக்குப் பின் மில்லிசெக்கனோடு தரும்.

குறித்த நேரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அனுமதிக் கட்டத்தில் உள்ளக மாறியில் வைத்தால், அது அந்தக் கட்டத்தோடு அழிந்துவிடும், லொக் கட்டத்துக்கு வராது. சரி என்று ஒரு தனி லுவா மொடியூலில் பொது மாறியாக வைத்தால் அதைவிட மோசம். ஒரே நேரத்தில் நூறு பேருடைய கோரிக்கைகள் அந்த ஒரு மாறியை மாறி மாறி எழுதும். ஐயாவின் தொடக்க நேரத்தின் மேல் இன்னொருவரின் தொடக்க நேரம் வந்து உட்காரும். சோதிக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும்தானே திறந்து பார்ப்பீர்கள், அப்போது எல்லாம் சரியாகவே தெரியும். கூட்டம் வந்த பிறகுதான் எண்கள் குழம்பும். இதற்கென்று இருப்பது என்ஜிஎக்ஸ்.சிடிஎக்ஸ். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளியும் கையில் கொண்டு திரியும் துண்டு மாதிரி. ஒரு கோரிக்கைக்கு ஒன்று, கட்டம் கட்டமாகக் கூடவே போகும், கோரிக்கை முடிந்ததும் போய்விடும். ஒரு எச்சரிக்கை: உள்ளுக்குள்ளேயே வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் இந்தத் துண்டு தொலைந்துவிடும்.

லொக் வரியில் சேர்க்க, அமைப்புக் கோப்பில் ஒரு மாறியை முன்கூட்டியே அறிவித்து வெறும் கோடு ஒன்றை அதில் போட்டு வையுங்கள். அறிவிக்காத என்ஜின்எக்ஸ் மாறியை லுவா புதிதாக உண்டாக்காது. லொக் கட்ட லுவா, வழமையான லொக் எழுதப்படுவதற்கு முன்னால் ஓடுவதால், அங்கே அந்த மாறிக்குப் பெறுமதி கொடுத்தால் அதே வரியில் வந்து விழும். அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது குறிப்பு இருக்காது. அதனால் கழிப்பதற்கு முன் இரண்டும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கக்கடை மணிக்கூடு

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். இது தெரியாமல் அளப்பவர்கள் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லை என்று போய்விடுகிறார்கள்.

என்ஜிஎக்ஸ்.நவ் தரும் நேரம் அந்தக் கணத்து நேரமாக இருக்க வேண்டும் என்றில்லை. என்ஜின்எக்ஸ் நேரத்தை ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கும். கேட்கும்போதெல்லாம் அதை எடுத்துத் தரும். இயங்குதளத்தை ஒவ்வொரு தடவையும் கேட்பதை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

சங்கக்கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். மனேச்சர் ஒருவர்தான் மேசையில். சுவரில் மணிக்கூடு. ஆயத்தமாக நிற்பவர்களை ஒரு சுற்றுக் கவனித்து முடித்து, அடுத்த சுற்றுத் தொடங்கும்போது மட்டும் அவர் நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். அடுத்த தடவை நிமிரும் வரை எந்தத் துண்டில் நேரம் எழுதினாலும் அதே நேரத்தைத்தான் எழுதுவார். என்ஜின்எக்ஸின் ஒவ்வொரு வேர்க்கர் புரொசஸும் இந்த மனேச்சர்தான். ஒரே ஆள், ஆயிரம் பேரை மாறி மாறிக் கவனிக்கிறார்.

மனேச்சர் அரிசி நிறுக்கும் வேலையைப் பொடியனிடம் கொடுத்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்புகிறார் என்றால், இடையில் மணிக்கூட்டைப் பார்த்திருப்பார். பொடியன் அரிசியோடு வரும்போது துண்டில் புது நேரம் விழும். கழித்தால் சரியான வித்தியாசம் வரும். ஓபன்ரெஸ்டியின் சொந்த வலை இணைப்புகள், அதாவது கோசொக்கெட், இப்படித்தான் வேலை செய்கின்றன. தரவுத்தளத்துக்குக் கேள்வியை அனுப்பிவிட்டு வேர்க்கர் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விடும். எங்கள் அனுமதி வேலை இந்த வகை. அதனால் அதன் எண்ணை நம்பலாம்.

மனேச்சரே தலை நிமிராமல் அரை மணித்தியாலம் நின்று அரிசி நிறுத்தால்? தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் துண்டில் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் பூச்சியம். லுவாவில் ஒரு பெரிய சுழற்சி ஓட்டி ஏதாவது கணக்குப் போட்டுப் பாருங்கள், முன்னும் பின்னும் நவ்வைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிய ஒரு செக்கன் போயிருக்கும், கழித்தால் 0 வரும். அந்த நேரத்தில் வரிசையில் நின்ற மற்ற எல்லோருக்கும் அந்த ஒரு செக்கன் கூடியிருக்கும், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளியின் துண்டில் பூச்சியம், பாதிக்கப்பட்டவர்களின் துண்டில் பெரிய எண். கோசொக்கெட்டைப் பயன்படுத்தாமல், பதில் வரும் வரை வேர்க்கரையே பிடித்து வைத்திருக்கும் பழைய நூலகம் ஒன்றால் தரவுத்தளத்தைக் கேட்டாலும் இதே கதைதான்.

இதற்கு மருந்து என்ஜிஎக்ஸ்.அப்டேட்_டைம். "ஒருக்கால் நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்" என்று மனேச்சரிடம் சொல்வது போல. நவ்வைக் கேட்பதற்கு முன் இதை அழைத்தால் உண்மையான நேரம் வரும். இதற்குச் சிறு செலவு உண்டு. ஆகவே எல்லா வரியிலும் தெளிக்காமல், சந்தேகமான இடத்தின் இரு பக்கமும் மட்டும் வையுங்கள். லுவாவின் சொந்த ஓஎஸ்.க்ளொக்கை எடுத்து அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது கணினியின் சிபியு உழைத்த நேரத்தை மட்டும் சொல்லும். தரவுத்தளத்துக்காகக் காத்திருந்த நேரம் அதில் வராது.

இன்னொன்று. இந்த மணிக்கூடு சுவர் மணிக்கூடு, அதாவது யாராவது திருத்தினால் முன்னும் பின்னும் பாயக் கூடியது. கிளிநொச்சியில் சோதனைக்கு வைத்திருந்த பழைய கணினி ஒன்று, மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் பிழையான நேரத்தோடு எழும்பி, கொஞ்ச நேரத்தில் வலை வழியாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும். உள்ளே உள்ள சிறிய பற்றறி செத்திருந்தது. அந்த நிமிடங்களில் கழித்த எண்கள் கழித்தல் குறியோடு வந்தன. அப்படியானவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதே காரணத்தால் ஒரு கணினி குறித்த நேரத்தை இன்னொரு கணினி குறித்த நேரத்திலிருந்து கழிக்கவும் கூடாது. தொடக்கமும் முடிவும் ஒரே மணிக்கூட்டில் இருக்கட்டும்.

என்ன கிடைத்தது

புது மாறியோடு லொக் வரத் தொடங்கிய முதல் நாள் பின்னேரமே தெரிந்துவிட்டது. ஐயாவின் வரியில் மொத்தம் 7.4 செக்கன், செயலி 0.06, அனுமதிக் கட்டம் 7.3. சிக்னல் இல்லை. நாங்கள்தான்.

கிளிநொச்சிக்காரருக்கு ஏன் வேகம், ஒட்டுசுட்டான்காரருக்கு ஏன் இல்லை? ஒட்டுசுட்டானை அடுத்த முத்தையன்கட்டுப் பக்க அங்கத்தவர்களைப் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றியிருந்தோம். அவர்களின் இலக்கம் பழைய வடிவம். அனுமதி வேலை முதலில் புது வடிவத்தில் தேடும், கிடைக்காது. பிறகு இலக்கத்தின் ஒரு பகுதியை வைத்து முழு அட்டவணையையும் வரி வரியாகத் தேடும். புது இலக்கக்காரருக்கு இந்த இரண்டாவது தேடல் நடக்கவே நடக்காது. பழைய இலக்கத்துக்கு அட்டவணையில் ஒரு தனிப் பத்தியும், அதில் நேரே தேட ஒரு சுட்டியும் (இன்டெக்ஸ்) போட்டோம். தம்பி ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டான். அனுமதிக் கட்டம் 4 மில்லிசெக்கனுக்கு வந்தது.

இதை முன்பே ஏன் காணவில்லை என்று கேட்டால், சராசரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கோரிக்கையில் 95 பேருக்கு 50 மில்லிசெக்கன், 5 பேருக்கு 6 செக்கன். சராசரி 348 மில்லிசெக்கன் அளவில் வரும். நல்ல எண் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த 348ஐ ஒருவர்கூட அனுபவிக்கவில்லை. வாய்க்காலில் சராசரித் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கடைசி வயல் வெடித்துக் கிடப்பதை யாரும் ஏற்றுக்கொள்வார்களா? வன்னியில் கமம் செய்யும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீர்க்கூட்டத்தில் முதலில் எழும்புவது கடைசி வயல்காரரின் குரல்தான். சேர்வரிலும் அந்தக் கடைசி ஐந்து பேரைப் பாருங்கள்.

பார்க்க எளிய வழி, பெட்டிகள் வைத்து எண்ணுவது. 50 மில்லிசெக்கனுக்குள் முடிந்தவை ஒரு பெட்டி, 100க்குள் ஒன்று, பிறகு 250, 500, ஒரு செக்கன், இரண்டரை, ஐந்து, அதற்கு மேல். லொக் கட்டத்தில் ஒவ்வொரு கோரிக்கையும் தனக்குரிய பெட்டியில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போகும். வேர்க்கர்கள் ஒவ்வொன்றுக்கும் நினைவகம் தனி என்பதால் சாதாரண லுவா அட்டவணையில் எண்ணினால் ஆளுக்கொரு கணக்கு வரும். எல்லோரும் சேர்ந்து எழுதக் கூடிய பொது அகராதி ஒன்றை, லுவா_ஷேர்ட்_டிக்ட் என்ற கட்டளையால், ஒரு மெகாபைட் இரண்டு மெகாபைட் அளவில் அறிவித்துக்கொள்ளுங்கள். அதில் இன்கர் என்ற செயற்கூறு எண்ணைக் கூட்டும். தொடக்கப் பெறுமதியாக 0 கொடுத்தால் பெட்டி இல்லாதபோது தானே உண்டாக்கும். அமைப்புக் கோப்பை மீள வாசிக்கச் செய்தாலும் எண்கள் இருக்கும். சேர்வரை முழுதாக நிறுத்தினால் போய்விடும். பெட்டியின் பெயரில் முழு முகவரியைப் போடாதீர்கள். தேடல் சொற்களும் இலக்கங்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் பெட்டிகள் முளைத்து, அகராதி நிரம்பி, பழையவை வெளியே தள்ளப்படும். "நீர்த்திகதி", "நெல்விலை", "உள்நுழைவு" என்று நாலைந்து பெயர் போதும். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம் லொக்குக்குள் போகாமல் இருப்பதற்கும் இதுவே நல்லது.

லொக் கட்டம் பதில் போன பிறகு ஓடுவதால் அங்கே நாம் செய்யும் வேலைக்காக ஐயா காத்திருக்க மாட்டார். ஆனால் வேர்க்கர் காத்திருக்கும். அதனால் சுருக்கமாக முடியுங்கள். அந்தக் கட்டத்தில் கோசொக்கெட்டும் இயங்காது. எண்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால், டைமர் ஒன்றை வைத்து அதற்குள் அனுப்புங்கள்.

நான் ஐயாவுக்குத் திருப்பி அழைத்து, பிழை எங்களுடையதுதான், உங்கள் சிக்னலைக் குறை சொன்னதற்கு மன்னியுங்கள் என்றேன். "அதுக்கென்ன பிள்ளை, இப்ப வருகுது" என்றார்.

வயலில் நிற்பவரின் மணிக்கூடு ஒன்று மிச்சம் இருக்கிறது. பெயர் தேடுவதும், இணைப்பும், கைகுலுக்கலும், தொட்டியிலிருந்து போன் வரை பைட்டுகள் போவதும் சேர்வருக்குள் எங்கே நின்றாலும் தெரியாது. அதை அளக்க உலாவியைத்தான் கேட்க வேண்டும். உலாவிகள் இந்த நேரங்களைத் தாங்களே குறித்து வைத்திருக்கின்றன. பக்கத்தில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்றை வைத்தால் எடுத்து அனுப்பும். சேர்வர்-டைமிங் என்ற பதில் தலைப்பில் நம் அனுமதிக் கட்ட எண்ணை லுவாவாலேயே போட்டுவிட்டால், உலாவியின் கருவிப் பலகையில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். தலைப்பு வடிகட்டும் கட்டத்தில் ஒரே வரி அது. அந்த எண்ணை நாங்கள் போட்டுவிட்டோம். போனிலிருந்து எடுத்து அனுப்பும் துண்டைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான். முடிந்ததும் முதலில் ஒட்டுசுட்டான் பக்கத்து எண்களைத்தான் பார்க்கப் போகிறோம்.